“நான் என்ன பாவம் செய்தேன்?”

“இன்னா யோசனை? எப்பப் பாத்தாலும் யோசிச்சிக்கினே இருக்கே!” யாரையாவது பார்த்து இப்படிச் சொல்லாத வீடு கோலார் தங்கவயலில் உண்டா? இல்லை என்றே சொல்லுவோம். நம் தாய்மார்கள் டாக்டரிடம் போனால் தலைவலி என்பார்கள், நெஞ்சு படபடப்பு என்பார்கள், தூக்கமில்லை என்பார்கள். எல்லாம் சொல்லி முடித்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்திருக்கும்போது, “யோசனை ஜாஸ்திங்க” என்று ஒரு வார்த்தை சேர்ப்பார்கள். டாக்டர் அதை எழுதிக்கொள்வதில்லை. முதலில் எழுதியிருக்க வேண்டிய வார்த்தை அதுதான் என்பது நம் கருத்து.

யோசிக்காதவன் மனிதனா என்று தோழர்கள் கேட்கலாம். மகளை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது, வட்டிக்காரனுக்கு என்ன பதில் சொல்வது, சங்கத் தேர்தலில் யாரை நிறுத்துவது என்பதெல்லாம் யோசனைதான். அவை ஓரிடத்தில் தொடங்கி ஓரிடத்தில் முடியும். நாம் இங்கே பேசுவது செக்குமாட்டு யோசனையைப் பற்றி. மாடு நாள் முழுக்க நடக்கிறது. மாலையில் பார்த்தால் காலையில் நின்ற இடத்தில் நிற்கிறது. செக்கிலாவது எண்ணெய் வரும். இந்த யோசனையில் அதுவும் வருவதில்லை.

சாம்பியன் ரீப் லைன் வீடுகளில் இன்றும் இருக்கும் முதிய தாய்மார்களிடம் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். கணவரைப் பாறை வெடிப்பில் பறிகொடுத்து நாற்பது, நாற்பத்தைந்து ஆண்டு கடந்தவர்கள் உண்டு. அவர்கள் கணவரைப் பற்றிப் பேசுவது குறைவு. அந்த ஒரு நாளைப் பற்றித்தான் பேசுவார்கள். “தலை வலிக்குதுன்னாரு. லீவு போட்டுடுன்னு ஒரு வார்த்தை நான் சொல்லல.” “வேற ஆளுக்காக ஷிப்ட்டு மாத்திக்கினாரு. ஏன் மாத்திக்கினாரு?” எல்லாக் கேள்வியும் கடைசியில் ஒரே கேள்வியில் போய் முடியும்: “நான் என்ன பாவம் செஞ்சேன்?”

இந்தக் கேள்விக்கு விடை கிடையாது. விடை இல்லாததால்தான் அது நாற்பது ஆண்டாக நிற்காமல் சுற்றுகிறது.

ஆனால் அந்த மனிதர் ஏன் செத்தார் என்ற கேள்விக்கு விடை இருக்கிறது. சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அத்தனை ஆழத்தில் தாதுவை வெட்டி எடுத்து வெற்றிடம் உண்டாக்கினால், மேலே உள்ள மலைப் பாரம் பக்கத்துப் பாறைகளின் மேல் ஏறுகிறது. பாறை தாங்கும் வரை தாங்கும். பிறகு துப்பாக்கிக் குண்டுபோல் வெடித்துச் சிதறும். அதுதான் ராக் பர்ஸ்ட். மேலே வீட்டில் பாத்திரம் உருளும், சுவரில் விரிசல் விழும், பெண்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஷாஃப்ட்டு வாசலுக்கு ஓடுவார்கள். இதை ஆராய்வதற்காகவே 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் நம் தங்கவயலில் அமைக்கப்பட்டது. அந்த அம்மாளின் மாங்கல்ய பலனைப் பற்றி அந்த நிறுவனத்தின் எந்தக் கணக்கிலும் ஒரு வரி இருக்க முடியாது. பாறையின் பாரம், வெட்டிய அளவு, முட்டுக்கொடுத்த விதம், இவைதான் இருக்கும்.

இங்கேதான் நம் பண்பாட்டைக் குற்றக் கூண்டில் நிறுத்த வேண்டியிருக்கிறது. கர்மவினை, தலைவிதி, தாலி ராசி என்று நமக்குப் பிறந்தது முதல் ஓதப்பட்டதெல்லாம் கேள்வியை உள்பக்கம் திருப்பிவிடுகிற வேலையைத்தான் செய்கிறது. மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் காரணத்தைப் பத்தடி வீட்டுக்குள் தேடச் சொல்கிறது. கம்பெனிக்கு இதைவிட வசதியான தத்துவம் வேறு எது? நஷ்டஈட்டுத் தொகையைக் குறைப்பதற்கு வக்கீல் வேண்டும். பழியைத் தன்மேலேயே போட்டுக்கொள்ளும் விதவைக்கு எந்த வக்கீலும் வேண்டியதில்லை.

நாம் ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கிற ஆட்கள், படிப்பு எஸ்.எஸ்.எல்.சி. வரைதான். ஆனாலும் விவரமறிந்த தோழர்களைக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்லலாம். 1989 அக்டோபர் 17 அன்று அமெரிக்காவில் கலிபோர்னியாவில் பெரிய பூகம்பம் வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் சூசன் நோலன்-ஹோக்சமா என்ற மனவியல் பேராசிரியை ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர்களிடம், துயரம் வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எழுதி வாங்கியிருந்தார். பூகம்பத்துக்குப் பத்து நாள் கழித்தும் ஏழு வாரம் கழித்தும் அதே மாணவர்களைப் பார்த்தார். முன்பே தன் துயரத்தையே சுற்றிச் சுற்றி நினைக்கும் வழக்கம் உள்ளவர்கள் அதிகம் வாடிப்போயிருந்தார்கள். அதாவது பூகம்பம் எல்லாரையும் ஆட்டியது. யோசனை சிலரை மட்டும் ஆட்டிக்கொண்டே இருந்தது. அது 1991இல் அச்சில் வந்தது. அதற்குப் பின் இங்கிலாந்தில் எட்வர்ட் வாட்கின்ஸ் போன்றவர்கள் இன்னொரு வேறுபாட்டைக் காட்டினார்கள். “எனக்கு ஏன் இப்படி?” என்று பொதுப்படையாகச் சுற்றும் நினைப்பு மனிதனைக் கீழே இழுக்கிறது. “அன்று என்ன நடந்தது, எப்படி நடந்தது, அடுத்து என்ன செய்யலாம்?” என்று குறிப்பாகப் போகும் நினைப்பு கைகொடுக்கிறது. நினைப்பதை நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. கேள்வியை மாற்று என்கிறார்கள்.

நம் பண்பாட்டைத் திட்டிவிட்டோம். அதன் நல்ல பக்கத்தையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

சாவு வீட்டில் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கிறார்களே, அதை நாகரிகம் தெரியாதவர்கள் கூச்சல் என்று படித்த நம் பிள்ளைகளில் சிலர் முகம் சுளிக்கிறார்கள். அந்தக் கூச்சலில் எவ்வளவு பெரிய மருத்துவம் இருக்கிறது! துக்கம் தனியாள் சொத்தாக இல்லாமல் தெருவின் சொத்தாகிறது. இறந்தவன் எப்படி வாழ்ந்தான், என்ன சாப்பிட்டான், யாரோடு சண்டை போட்டான் எல்லாம் பாட்டில் வருகிறது. பிறகு மூன்றாம் நாள் பால், பதினாறாம் நாள் கருமாதி, ஆண்டுக்கொரு திவசம். இதற்கு மேல் அழவேண்டியதில்லை என்று ஊரே கூடி எல்லை போட்டுக் கொடுக்கிறது. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதைத்தான் விரிவாக எழுதியிருக்கிறார். உடலைக் கண்ணால் பார்த்து அழுது சடங்கு செய்த குடும்பம் மெல்ல எழுந்துவிடுகிறது. காணாமல் போனவனின் குடும்பம், இருக்கிறானா இல்லையா என்றே தெரியாமல், முடிவில்லாத யோசனையில் மாட்டிக்கொள்கிறது. நமக்கு இது புரியும். 2021இல் கொரோனாவில் போனவர்களைப் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொண்டுபோனார்கள். முகம் பார்க்க முடியவில்லை, ஒப்பாரி இல்லை, பந்தல் இல்லை. அந்த வீடுகளில் யோசனை இன்னும் ஓயவில்லை.

2004 சுனாமிக்குப் பிறகு வேலூர் சி.எம்.சி.யைச் சேர்ந்த மருத்துவர்கள் நாகப்பட்டினம் பக்கத்துக் கிராமங்களில் மக்களைக் கூட்டிப் பேசினார்கள். அந்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. வெளியிலிருந்து வந்த மனநல ஆலோசனையைவிடச் சொந்த பந்தம், ஊர், நம்பிக்கை, மீண்டும் எழுந்து நடக்கும் வாழ்க்கை ஆகியவற்றைத்தான் தங்களைத் தாங்கியவையாக மக்கள் மதித்தார்கள். நம்மூர் விஷயத்தில் வேதனை என்னவென்றால், அந்தத் தாங்குகட்டைகளையே ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்கள்.

எப்படி எடுத்தார்கள்? 2001 பிப்ரவரி 28இல் பாரத் கோல்டு மைன்ஸை மூடினார்கள். ஒரு காலத்தில் முப்பதாயிரம் பேருக்கு மேல் வேலை பார்த்த இடத்தில் கடைசியாக இருந்த மூவாயிரத்துச் சொச்சம் பேரும் வெளியே வந்தார்கள். போனது சம்பளம் மட்டுமல்ல. ஷிப்ட்டுச் சங்கு போயிற்று, கேஜில் ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏறின கூட்டம் போயிற்று. இன்றைக்கு நம் பிள்ளைகள் விடியுமுன்னே மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் ஊரிகத்திலும் கோரமண்டலிலும் வண்டி ஏறி, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் போய், இரவு திரும்புகிறார்கள். சாவு வீட்டுக்கு அரை நாள் லீவு கிடைத்தால் பெரிது. பதினாறாம் நாளை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைக்கிறார்கள். சில வீடுகளில் மூன்றாம் நாளோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. கவுண்டர் கம்பிக்குப் பின்னாலிருந்து சீசன் டிக்கெட் வாங்க நீளும் கைகளையும் அதற்குப் பின்னால் உள்ள முகங்களையும் இருபது ஆண்டாகப் பார்த்து வருகிறோம். ஒரு நாளைக்கு நாலைந்து மணி நேரம் வண்டியில் உட்கார்ந்திருக்கும் மனிதன் என்ன செய்வான்? சீட்டாடுவான், தூங்குவான், இல்லாவிட்டால் யோசிப்பான்.

சில பெட்டிகளில் யோசனை கூட்டாகவே நடக்கிறது. “அன்னைக்கு அந்தத் தலைவன் கையெழுத்துப் போடாம இருந்திருந்தா...” “அந்த மந்திரி மட்டும் மனசு வெச்சிருந்தா...” இருபத்தைந்து ஆண்டாக இதே பேச்சு, இதே ஆட்கள், இதே ஜன்னலோரம். பேசினால் பாரம் குறையும் என்பது பாதி உண்மைதான். ஒரே புண்ணை இரண்டு பேர் சேர்ந்து சொறிந்தால் அது ஆறிவிடுமா? ஒவ்வொரு தேர்தலிலும் மைன்ஸைத் திறப்போம் என்று சொல்லி ஓட்டு வாங்கிப் போகிறவர்கள் அந்தப் புண்ணில் ஒரு விரலை வைத்துவிட்டுப் போகிறார்கள். 2024 ஜூனில் சயனைடு மேடுகளின் மண்ணை மறுபடி சலித்துத் தங்கம் எடுக்க மாநில அமைச்சரவை சம்மதம் கொடுத்தது. நடந்தால் வரவேற்போம், நம் பிள்ளைகளுக்கு அதில் வேலை கேட்போம். ஆனால் அது மேட்டு மண்ணைச் சலிக்கும் வேலை. அப்பாவின் டோக்கனும் அப்பாவின் கேஜும் அதில் திரும்பி வரப்போவதில்லை. இதை நம் சங்கமே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் நம்பிக்கையை ஊட்டிக்கொண்டிருப்பது தொழிலாளிக்குச் செய்யும் துரோகம்.

ஆண்கள் விஷயம் இன்னும் மோசம். பெண்ணுக்காவது ஒப்பாரி உண்டு, ஆணுக்குச் சாராயக்கடைதான். பாறை சரிந்து பக்கத்தில் நின்றவன் நசுங்கியதைக் கண்ணால் பார்த்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள். இரும்பு தடாலென்று விழுந்தால் இன்றும் உடல் தூக்கிப்போடும், தூக்கத்தில் அலறுவார்கள். காலையில் கேட்டால், “ஒண்ணுமில்ல” என்பார்கள். அதோடு சிலிகோசிஸ் வேறு. இந்தியாவில் அந்த நோய் முதன்முதலாக ஆராய்ந்து பதிவானது 1940களில் நம் தங்கவயலில்தான். மூச்சு வாங்குவதால் படுக்க முடியாமல் விடிய விடிய சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பவனுக்கு யோசனையைத் தவிர துணை ஏது? குடிக்கிறான் என்று திட்டுகிறோம். எதற்குக் குடிக்கிறான் என்று கேட்டதுண்டா?

விதவைகளுக்கு நாம் இழைக்கும் கொடுமை வேறு வகை. ஒரு வருஷம் கழித்து அவள் ஒரு கல்யாணத்தில் சிரித்துவிட்டால், “புருஷன் செத்த கவலை இருக்கா பாரு” என்று முணுமுணுப்பது யார்? நாம்தான். யோசனையில் கருகிக்கொண்டிருந்தால் உத்தமி, எழுந்து நடந்தால் கெட்டவள். இப்படி இருந்தால் அவள் எப்படி அந்தச் செக்கை விட்டு வெளியே வருவாள்? இந்தப் பேச்சைப் பேசும் வாய் சங்க உறுப்பினர் வீட்டு வாயாக இருந்தாலும் கண்டிக்க வேண்டும்.

சில தோழர்கள் நம்மிடம் கோபமாகவே கேட்டார்கள்: “வேலையில்லை, வீட்டுக்குப் பத்திரமில்லை. இதையெல்லாம் விட்டுவிட்டு மனசு, யோசனை என்று பேசினால், குற்றவாளியை விட்டுவிட்டு அடிபட்டவனுக்கு வைத்தியம் சொல்வதாகாதா?” நல்ல கேள்வி. வைத்தியமும் வேண்டும், குற்றவாளியைப் பிடிக்கவும் வேண்டும் என்பதே நம் பதில். அடிபட்டவன் எழுந்து நின்றால்தான் குற்றவாளியை அடையாளம் காட்ட முடியும். மேலும், போராட்டம் என்பதே கேள்வியை மாற்றும் வேலைதான். 1946 நவம்பர் 4இல் வேலைநிறுத்தக் காலத்தில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நம் தொழிலாளர் ஆறு பேர் விழுந்தார்கள். அவர்களுடைய தாய்மார்களும் “நான் என்ன பாவம் செஞ்சேன்” என்றுதான் அழுதிருப்பார்கள். தொழிலாளர் இயக்கம் அந்த அழுகையை அங்கேயே விட்டுவிடவில்லை. யார் சுட்டது, யார் உத்தரவு, கோரிக்கை என்னவாயிற்று என்று விடை சொல்லக்கூடிய கேள்வியாக மாற்றியது. ஆண்டுதோறும் ஒரு நாள் வைத்து நினைவு கூர்ந்தது. நினைப்பதற்கு ஒரு நாள், மற்ற நாட்களில் வேலை. கருமாதியின் அறிவு அதில் இருக்கிறது.

அயோத்திதாசப் பண்டிதர் காலத்திலிருந்து பவுத்தம் வேர்விட்ட மாரிக்குப்பத்துக்குக் கிசா கோதமி கதையைச் சொல்லித் தரவேண்டியதில்லை. செத்த பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மருந்து கேட்டு வந்தவளிடம், சாவு விழாத வீட்டில் ஒரு பிடி கடுகு வாங்கி வா என்றார் புத்தர். எல்லாரும் அவளுக்குக் கிடைத்த ஞானத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நாம் கவனிப்பது வேறு. அவளுக்கு உபதேசம் எதுவும் செய்யாமல் ஒரு வேலையைக் கொடுத்தார். அந்த வேலைக்காக அவள் வீடு வீடாக ஏறி இறங்க வேண்டியிருந்தது, பிறர் துக்கத்தைக் காது கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது.

இதே வழியை இன்று நடைமுறையில் கொண்டுவந்தது ஒரு ஏழை நாடு. ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே. அங்கே ஷோனா மொழியில் ‘குஃபுங்கிசீசா’ என்று ஒரு சொல் உண்டு. பொருள், ‘அளவுக்கு மீறி யோசித்தல்’. நம் தாய்மார் சொல்லும் அதே வார்த்தை! 2013இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவர் கையேட்டில் அந்தச் சொல் ஏறிவிட்டது. டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர், தன்னிடம் சிகிச்சை பெற்ற ஒரு பெண் பஸ் கட்டணத்துக்குக் காசில்லாமல் ஆஸ்பத்திரிக்கு வர முடியாமல் தன் உயிரை மாய்த்துக்கொண்டதைக் கண்டு மனம் நொந்தார். 2006இல் ஹராரே நகரில் ம்பாரே என்ற ஏழைப் பேட்டையில் பதினான்கு பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்தார். சுகாதார நிலையத்து வாசலில் ஒரு மரப்பலகை. பாட்டி அதில் உட்கார்ந்து வருகிறவர் கதையைக் கேட்பார். பிறகு, “இத்தனை கஷ்டத்தில் இன்றைக்கு எந்த ஒன்றைக் கையில் எடுக்கலாம்?” என்று கேட்பார். அந்த ஒன்றுக்கு இருவரும் சேர்ந்து வழி காண்பார்கள். அவ்வளவுதான். ஐந்நூற்றுக்கு மேற்பட்டவர்களை வைத்துச் சோதித்துப் பார்த்ததில், பலகையில் உட்கார்ந்தவர்கள் ஆறு மாதத்தில் நன்றாகத் தேறியிருந்தார்கள் என்று 2016இல் உலகப் புகழ்பெற்ற மருத்துவ இதழில் வந்தது.

நம்மிடம் பாட்டிமாருக்குப் பஞ்சமா? பலகைக்குப் பஞ்சமா?

சங்கத்துக்கு நாம் வைக்கும் யோசனை (இது மற்ற யோசனை!) இதுதான். ஒவ்வொரு லைனிலும் பொறுமையாகக் காது கொடுக்கத் தெரிந்த, கேட்டதை வெளியே கொட்டாத இரண்டு தாய்மாரையும் ஓய்வுபெற்ற ஒரு தொழிலாளியையும் தேர்ந்தெடுப்போம். மாவட்ட மனநலத் திட்டத்தாரை அழைத்துப் பயிற்சி கேட்போம்; கேட்பது நம் உரிமை. வருகிறவர்களை, “நடந்ததையெல்லாம் சொல்லு, அழு” என்று வற்புறுத்தக் கூடாது. அதிர்ச்சி அடைந்தவரை உடனே உட்காரவைத்து எல்லாவற்றையும் கிளறுவதால் பயனில்லை என்று உலக சுகாதார நிறுவனமே 2013இல் சொல்லிவிட்டது. அவராகச் சொன்னால் கேட்க வேண்டும். பிறகு ஒரு வேலை: வீட்டுப் பத்திரத்துக்கு மனு, நெஞ்சுப் படம் எடுக்கத் துணை, பேரனுக்கு ஸ்காலர்ஷிப் படிவம். நவம்பர் 4 கூட்டத்தில் சுரங்க விபத்தில் போனவர்களின் குடும்பங்களையும் மேடையேற்றுவோம். சாவைப் பற்றி வேண்டாம். அவர் உயிரோடு இருந்தபோது நடந்த ஒரு சங்கதியை மட்டும் சொல்லட்டும்.

பலகையில் தீராத நோயும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் போனால், பழைய காட்சி கண்ணெதிரே நடப்பதுபோல் வந்து வாட்டினால், வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு வாயில் வந்தால், பாட்டியின் வேலை அவரைக் கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போவதுதான். மந்திரிக்கவும் தாயத்துக் கட்டவும் போகிறவர்கள் போகட்டும், ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுப் போகட்டும். கோலாரில் எஸ்.என்.ஆர். மாவட்ட ஆஸ்பத்திரி இருக்கிறது. பெங்களூரில் நிம்ஹான்ஸ் இருக்கிறது. தினம் அந்த ஊருக்கு வண்டி ஏறும் நமக்கு அது தூரமா? ‘பைத்தியக்கார ஆஸ்பத்திரி’ என்ற பழைய பெயரைச் சொல்லி அங்கே போகிறவரை ஏளனம் செய்கிறவர், சிலிகோசிஸுக்கு எக்ஸ்ரே எடுப்பவனையும் ஏளனம் செய்வாரா? உயிரை விட முயன்றவர் மேல் போலீஸ் கேஸ் வருமோ என்று மறைக்கவும் வேண்டாம். கடும் மன அழுத்தத்தில் செய்ததாகவே கருதி அவருக்குச் சிகிச்சை தரவேண்டும் என்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம். நடக்க முடியாதவர்கள், நள்ளிரவில் தவிப்பவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 2022இல் அரசு தொடங்கிய டெலி மானஸ். காசு கிடையாது, இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். இந்த எண்ணை எல்லாரும் வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

முதல் பலகையை எந்த லைனில் போடுவது, எந்தத் தாய்மாரைக் கேட்பது என்பதை அடுத்த மாதாந்திரக் கூட்டத்தில் முடிவு செய்வோம். கூட்டம் ஞாயிறு மாலையில். பெண்கள் வரவேண்டும், ஆண்கள் மட்டும் கூடி இதை முடிவு செய்தால் அந்தப் பலகையில் ஆண்கள்கூட உட்கார மாட்டார்கள்.